கோட்டுக்கும் காசு

தம்பி அனுப்பிய படத்தில் ஒரு கப்பல்.
மூன்று பாய்மரம், கறுப்பும் வெள்ளையுமாய் விலா.
வாசல் பலகையில் எங்கள் ஊரின் பெயர்,
ஆங்கிலேயன் வாய்க்கு வந்தபடி: ட்ரிங்கோமலி.
இடம், இங்கிலாந்தின் வடகிழக்கில் ஹார்ட்டில்பூல்.
"பம்பாயில கட்டினதாம் அக்கா, மலபார்த் தேக்கு.
பெயர் மட்டும்தான் எங்கட.
உள்ளுக்குப் போக டிக்கெட் எடுத்தனான்.
திருகோணமலைக்குள்ள போக நான் காசு குடுத்தது
இதுதான் முதல்தரம்."

நகரசபையில் நான் மூன்றாம் கவுண்டர்.
சோற்றுப் பார்சலை ஒதுக்கிவிட்டுப்
படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன்.
வெளியே ஒரு புள்ளிமான்
குப்பைத் தொட்டிக்குள் கழுத்துவரை இறங்கி
யாரோ வீசிய லஞ்ச் ஷீட்டை மென்றது.
அங்கே மான் பார்க்கவும் பூங்காவுக்கு நேரம் உண்டாம்,
ஐந்து மணிக்கு மணியடித்துக் கதவைப் பூட்டுவார்களாம்.
எங்கள் மான் பஸ் நிலையத்தில்
மூதூர் பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நிற்கும்.

ஒஸ்டன்பேர்க் கோட்டையை நான் பார்த்ததில்லை.
நாற்பத்தாறு வயது, பிறந்தது இங்கேதான்.
கடற்படை வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள்,
பிறகு காரணம் கேட்பார்கள்.
பார்க்க ஆசை என்பது
ஒரு காரணமில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு லீவு.
கூரை போன மடாலயம் ஒன்று,
மதில் கட்டி வளர்த்த ரோசாத் தோட்டம்,
ரோமர் போட்ட றோட்டின் மிச்சம் என்று
புல்லில் ஒரு கோடு.
போன கோடையில் கப்பலேறி அயர்லாந்துக்குப் போனான்.
சனம் விட்டுப் போன கிராமம்: கல்லுச் சுவர்கள்,
அடுப்பு இருந்த மூலையில் செம்மறி.
"சம்பூரில கிடந்த வீடுகள் மாதிரி" என்று எழுதினான்.
கொஞ்சம் பொறுத்து இன்னொன்று வந்தது.
"ஆனா இங்க எத்தனை வீடு எண்டு
எண்ணி எழுதி வைச்சிருக்கினம்."

நேற்று வந்தது படம் இல்லை, படிவம்.
அவன் நடக்கிற பூங்காவில்
வாங்குகளில் பித்தளைத் தகடு அறைந்திருக்குமாம்,
செத்தவர் பெயர், இரண்டு ஆண்டு,
இந்தக் காற்று இவளுக்குப் பிடிக்கும் என்பதுபோல் ஒரு வரி.
காசு கட்டினால் பத்து வருசம் வைப்பார்கள்.
"அப்பாவுக்கு ஒண்டு போடுவம்.
நீதானே படிவம் தெரிஞ்சவள்."

பெயர்: வில்வராசா.
பிறந்த ஆண்டு: 1948.
அடுத்த கட்டத்தில் பேனை நின்றது.
தொண்ணூறில், ஆனி மாதம்,
மில்லுக்கு என்று சைக்கிளில் போனவர்.
சைக்கிளும் வரவில்லை.

உப்புவெளியிலிருந்து வேலைக்கு வரும் பஸ்
போர்க்கல்லறையைத் தாண்டித்தான் வரும்.
ஒரே உயரத்தில் கல், ஒட்ட வெட்டிய புல்.
எந்தக் குளிர்நாட்டுத் தெருவில் பந்தடித்த பொடியனோ,
பத்தொன்பது வயது,
1942, ஏப்ரல் ஒன்பது.
குண்டு விழுந்த நாள் வரைக்கும் கல்லில் இருக்கிறது.
எனக்கு அவன்மேல் கோபம் இல்லை.
திகதியைத்தான் பார்த்துக்கொண்டே வருவேன்.

வெற்றிடம் விட்ட படிவங்களைத்
திருப்பிக் கொடுப்பது என் வேலை.
நாளுக்கு ஏழெட்டுப் பேர் என்னைத் திட்டிக்கொண்டு போவார்கள்.
இன்றைக்கு நான் வெற்றிடம் விட்டு அனுப்பினேன்.

இரவு தம்பி எடுத்தான்.
"பூங்காக் கந்தோரில கேட்டனான்.
ஒரு ஆண்டு மட்டும் போடலாமாம், பிழையில்லை.
1948க்குப் பிறகு வாற சின்னக் கோட்டை
விடுறதோ எடுக்கிறதோ எண்டு கேக்கினம்.
எழுத்துக் கணக்குக்குத்தான் காசு, அக்கா.
கோட்டுக்கும் காசாம்."

அங்கே மழை, போனுக்குள் கேட்டது.
கோடு கிடக்கட்டும் என்றேன்.
அதுக்குரிய காசை
நான் அனுப்புறன்.