அடிக்கட்டை

முகக்கவசம் இல்லையென்றால் இருநூறு ரூபாய்.
முக்கூடலில் ஆயிரம் பீடி சுற்றினால்
ஏறக்குறைய அதே இருநூறு.
ரசீதுப் புத்தகத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கிய அன்று
இது எனக்கு உறைக்கவில்லை.
எழுதினேன், எழுதினேன்,
கார்பன் தாளில் நீலம் வற்றும்வரை.

வடக்குத் தெருவில் மூன்று பேருக்கு என்று
முடிவு வந்த காலையில்
சவுக்குக் கம்பும் தகரமும் வைத்துத் தெருவை அடைத்தோம்.
கம்பு கட்டியவன் கேட்டான்:
"சார், நாய் போக எடம் விடணுமா?"
சுற்றறிக்கையில் நாயைப் பற்றி எதுவும் இல்லை.
விட்டோம்.

உள்ளே நூற்றுப் பதினாறு வீடு.
எண்பது வீட்டில் மடிமேல் சுளகு.
பீடிக் கம்பெனியின் கிளை மட்டும்
தகரத்துக்கு வெளியே.
இலையும் தூளும் வாங்க வரவேண்டும்,
சுற்றியதைக் கொடுக்க வரவேண்டும்.
"வீட்டிலேயே இருங்கள்" என்று
ஆட்டோவில் குழாய் கட்டிச் சொல்லிப் போனேன்,
முப்பது வருசமாய் வீட்டைவிட்டு நகராமல்
முதுகு வளைந்தவர்களிடம்.

பிரமசக்தி தகரத்து இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு கேட்டாள்:
"நனைச்ச எல நாலு நாளா கெடக்கு சார்.
பூசணம் பூத்துட்டு.
யாரு தருவா அதுக்கு?"
"எனக்கு உத்தரவும்மா."
"எனக்குந்தான் உத்தரவு.
குழுக் கடன்காரன் விடியுமுன்ன போன் போடுதான்."

இரண்டு வருசத்துக்கு முன்னால்
அந்தக் கிளைச் சுவரிலேயே
புகை நுரையீரலுக்குப் பகை என்று
ஆள் வைத்து எழுதியவன் நான்.
நுரையீரலைத் தின்னும் நோய்க்காக
நுரையீரலைத் தின்னும் தொழிலை மூடியதில்
நியாயம் இல்லாமல் இல்லை.
ரேஷன் அரிசி பொங்கிவிடும்.
அதற்குக் குழம்பு
நியாயத்தில் வைக்க முடியாது.

ஆறாம் நாள், யாரையும் கேட்காமல்,
விடியற்காலை ஐந்து மணிக்கு
ஒரு தகரத்தை அவிழ்த்தேன்.
சுண்ணாம்பில் வட்டம் போட்டது நானே.
வட்டத்துக்கு ஒருத்தி.
இருட்டில் வட்டங்கள் தெரியாமல்
செல்போன் வெளிச்சம் அடித்து நின்றார்கள்.

கணக்கர் மசூது பாய்
இது தளர்வு, இது நுனி பிளவு என்று
நாளும் நாலு கட்டு கழிக்கிறவர்.
அன்று ஒரு கட்டும் கழிக்கவில்லை.
பிரித்துப் பார்க்க வேண்டாம், தொடவே வேண்டாம் என்று
நான் சொல்லியிருந்தேன்.
முழுக்கூலி வாங்கிய பெண்கள்
சத்தம் வராமல் சிரித்துக்கொண்டு போனார்கள்.

ஒன்பதாம் நாள் அவருக்கு இருமல்.
அவரையும் அவர் வீட்டம்மாவையும்
ஒரே வண்டியில் ஹைகிரவுண்டுக்கு ஏற்றினோம்.
மசூது பாய் திரும்பி வந்தார்.

வட்டத்திலிருந்து வந்ததா,
பால் வாங்கப் போன இடத்திலிருந்தா,
யாரும் சொல்ல முடியாது.
தொற்று மூலம் என்ற கட்டத்தில்
தெரியவில்லை என்று எழுதினேன்.
பொய்யில்லை.
இருந்தும் அந்தச் சொல்லுக்கு
இரண்டு முறை பேனா மாற்றினேன்.

அதே வாரம்தான்
பிரமசக்தி கடன் கட்டினாள்,
மகனுக்குப் பல் வலிக்கு மருந்து வாங்கினாள்.
இதை அதோடு கூட்டுவதா கழிப்பதா,
எனக்குச் சொல்லித்தந்த கணக்கில் வரவில்லை.

மார்ச்சில் தணிக்கை.
வந்தவர் அடிக்கட்டைகளைப் புரட்டி
ஓரிடத்தில் விரலை நிறுத்தினார்.
"இந்தத் தேதியில ஒரு அபராதம்கூட இல்லையே?"
"அன்னைக்கு எல்லாரும் போட்டிருந்தாங்க சார்."

போட்டிருந்தார்கள்தான்.
முந்தானையை.
பீடிக்கட்டு சுற்றிவரும் துணியை.
ஒருத்தி, பிள்ளையின் பள்ளிக்கூடச் சட்டையில் வெட்டிய கையை.
மசூது பாய் மட்டும்
கண்ணாடியில் ஆவி படிகிறதென்று
இரண்டு தடவை இறக்கினார்.

நான் பார்த்தேன்.
புத்தகம் சட்டைப்பையில்தான் இருந்தது.