பதினாலாம் நம்பர்

மணலி எடைமேடையில் இரவு பதினொன்றே முக்கால்.
முப்பத்தொரு கன்டெய்னர் வண்டி.
கடைசி வண்டி சாத்தாங்காடு வளைவில் நிற்கிறதாம்,
ஹாரன் இங்கே கேட்டது.

திரை மட்டும் நிதானமாகச் சொன்னது:
கணக்கு பூட்டப்பட்டுள்ளது.
பத்து நிமிடம் கழித்து முயலவும்.

"கரெக்டாத்தான் அட்ச்சேன்ணா" என்றாள் ரெஜினா.
விரலில் பரோட்டா எண்ணெய்.
முதலில் அந்த விரலைச் சந்தேகப்பட்டேன்,
பிறகு கேப்ஸ் லாக்கை,
பிறகு உப்புக்காற்றில் இறுகிப்போன ஏழாம் பொத்தானை.

ரூட்டாக நுழைந்து பூட்டை எடுத்துவிட்டேன்.
மூன்று வண்டி ஏறி இறங்கின.
ரெஜினா தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள்
திரை மூடிக்கொண்டது.
மறுபடி பூட்டு.

மேனேஜர் குலசேகரனுக்குச் சந்தேகமே இல்லை.
"ஏகாம்பரந்தான். வியாயக்கெயம தூக்குனோம்ல,
வூட்ல குந்திக்கினு கதவ ஒடைக்கிறான்.
எயுதுப்பா கம்ப்ளெயின்ட்ட."

எழுதும் முன் பதிவைக் கேட்டேன்.
லினக்ஸுக்கு முகதாட்சண்யம் கிடையாது.
யாரை எப்போது தூக்கினார்கள் என்றும் தெரியாது.
தேதி, நேரம், எங்கிருந்து.
11:55
12:00
12:05
நொடி பிசகவில்லை.
மனிதன் இப்படித் தட்டமாட்டான்,
கோபத்தில் இருப்பவன் தட்டவே மாட்டான்.

எங்கிருந்து என்ற கட்டத்தில்
எங்கள் கொட்டகையின் முகவரி.
கடைசியில் பதினாலு.

டார்ச் அடித்துக்கொண்டு போனோம்.
தார்ப்பாய், வெடித்த டயர், அதற்கும் பின்னால்
பழைய மேடையின் கணினி
யாரும் அணைக்காததால் ஓடிக்கொண்டிருந்தது.
தன் கணக்கை ஒப்படைக்க
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து
பழைய சொல்லையே சொல்லி நின்றிருக்கிறது,
சொல் மாறியதை அதனிடம் யார் சொன்னார்கள்?

"புட்ங்கிப் போடு" என்றார் மேனேஜர்.
உள்ளே அனுப்பாத சீட்டு நாற்பது இருக்கிறது என்றேன்.
திறக்கும் சொல் ஏகாம்பரத்திடம்.

நாலாவது மணியில் எடுத்தார்.
பின்னால் டிவியும் யாரோ இருமுவதும்.
யார், எதற்கு என்று கேட்கவில்லை.
எழுத்தெழுத்தாகச் சொன்னார்,
பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது,
நடுவில் ஒரு புள்ளி.
மேனேஜர் டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லி முடித்தும் போனை வைக்கவில்லை.
"வண்டி எத்தினி நிக்குது?"
முப்பத்தேழு.
"அடேங்கப்பா."
கொஞ்ச நேரம் டிவி மட்டும்.
"அந்த மிஷினு ஃபேன் கத்துதா?
சைடுல ஒரு தட்டு தட்டு."

தட்டினேன்.
நின்றது.