தண்டவாளம் இல்லாத இடம்

ஒஸ்ட்ராவாவில் ட்ராம் ஓட்டுகிறேன்.
எட்டு மணி நேரம்.
வலப்பக்கம் திரும்ப ஆசை வந்தாலும்
திரும்ப முடியாத வேலை.
அதனால்தான் சொல்கிறேன்,
வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால்
அங்கேயும் ஒரு மஞ்சள் அம்பு
'இப்படிப் போ, இன்னும் நாற்பது மீட்டர்' என்று
கண் முன்னால் மிதக்கக் கூடாது.

முன்பு ஒரு குடியானவன் சொல்வான்:
"இடிந்த மாவாலைக்குக் கிழக்கே,
ரெட்டைப் பாப்ளர் மரம் தாண்டி."
அவ்வளவுதான்.
சில சமயம் பொய்யும் சொல்வான்.
அந்தப் பொய்யர்களை எனக்குப் பிடிக்கும்.
அவன் பேச்சைக் கேட்டு மூன்று ராத்திரி அலைந்து
ஓநாய்க்கு இரையாகி
நாலாம் ராத்திரி திரும்பிப் போய்
அவன் கோழிகளைத் திருடினேன்.
அந்தக் கேமில் கோழி திருடலாம்.
திருடினால் ஊரே பேசும்.
ரொட்டிக்காரி கடையைச் சாத்துவாள்.

இப்போது ஊரில் யாரும் எதுவும் பேசுவதில்லை.
என்னைக் கண்டதும் "நீங்கள்தான் அவர்" என்கிறார்கள்.
எவர்?
நேற்றுதான் கப்பலிலிருந்து இறங்கினேன்,
காலில் செருப்புகூட இல்லை,
அதற்குள் எனக்கொரு தீர்க்கதரிசனம்.
உலகத்தைக் காப்பாற்றச் சொல்லாதீர்கள்.
வாடகை பாக்கி வைத்திருக்கும் ஒருத்தியாக
அந்தச் சந்தையில் கொஞ்சம் நடந்துவிட்டுப் போகிறேனே.

அப்புறம் அவளுக்கு வந்த குரல்.
ஊமையாக இருந்தவரை அவள் நான்.
அரக்கனுக்குச் சொல்லவேண்டியதை
நானே சமையலறையில் உரக்கச் சொல்வேன்,
பக்கத்து வீட்டு போஹுமிலா சுவரைத் தட்டுவாள்.
இப்போது 'முடியாது' என்பதைத் தேர்ந்தெடுத்தால்
யாரோ ஒரு நடிகை
அழகாக, ஈரமாக,
ஒரு நிமிடம் பேசுகிறாள்.
நான் 'முடியாது' என்று மட்டும்தான் நினைத்தேன்.

தினமும் உள்ளே வந்தால் ஏழாம் நாள் பரிசாம்.
பணிமனையில் ஏற்கெனவே கைரேகை வைக்கிறேன்.

பிடித்ததையும் சொல்லிவிடுகிறேன்.
எழுத்தைப் பெரிதாக்க முடிகிறது.
பனிமலைக்கு அனுப்பும்போது
பெண்களுக்கு இரும்புக் கச்சைக்குப் பதில் கோட்டு கொடுக்கிறார்கள்.
செக் மொழியிலேயே திட்டு வாங்கலாம்.
தானாகவே சேவ் ஆகிறது;
கரண்ட் போய்ப் பதினோரு மணி நேரத்தை இழந்த இரவை
யாராவது பொற்காலம் என்றால்
அவரோடு எனக்குப் பேச்சில்லை.

இந்த அளவில் என் கட்சி தெளிவாகத்தான் இருந்தது,
ராதொமிலைப் பார்க்கப் போகும்வரை.

கட்டுப்பாட்டு அறையில் இருந்தவன்.
பிப்ரவரியில் பக்கவாதம்.
வலது கையை மடியில் வைத்திருந்தான்,
இன்னொருவர் பார்த்துக்கொள்ளச் சொன்ன பூனையைப் போல.
இடது கை ஒன்றாலேயே ஆடும்படி
கேமில் ஓர் ஏற்பாடு.
அம்பு எரிந்துகொண்டிருந்தது.
வாயைத் திறந்தேன்.
"ஹெட்விகா, மருந்துக்கடைக்குப் போகிற வழி
எனக்கு இரண்டு தடவை மறந்துபோச்சு.
இங்கே மட்டும்தான் நான் தொலைவதில்லை," என்றான்.
வாயை மூடிக்கொண்டேன்.
இருபத்தாறு வருஷம்
நகரத்தின் அத்தனை தடங்களையும்
தலைக்குள் வைத்திருந்தவன்.

அம்பு காட்டிய பாதையில் போனோம்,
அவன் ஓட்ட, நான் தேநீரைப் பிடித்துக்கொண்டு.
மாலை வெயில் ஆற்றில் விழுந்திருந்தது.
அதையும் பிடித்ததில் சேர்க்க வேண்டும்,
அந்த வெயில் அந்தக் காலத்தில் இல்லை.
பாலம் வந்தது.
அம்பு பாலத்தின்மேல் நின்றது.
ராதொமில் இடப்பக்கம் நாணலுக்குள் இறங்கினான்.

"எங்கே?"
"கோழிச் சத்தம்."

இருந்தது.
வேலியோரம் ஒன்று, சாம்பல் நிறம்,
ஓர் இறகுக்குக்கூட நிழல் விழுந்தது.
கையை நீட்டினான்.
கை கோழிக்குள் புகுந்து வெளியே வந்தது.
கோழி மேய்ந்துகொண்டே இருந்தது.
"படமா இது, சனியன்!"
மறுபடி நீட்டினான்.
குனிந்து பார்த்தான்.
வேலிமேல் ஏறிக் குதித்தான்.
"பின்பக்கமாக வா," என்றேன் நான்.

பதினேழாவது தடவையும் ஆயிற்று.
அம்பு பாலத்தின்மேல் பொறுமையாக எரிந்தது.
என் முதல் ட்ராமுக்கு
இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.