லி

தொரப்பாடி ஜெயில் ரோட்டில் என் கடைப் பலகை:
ஜெராக்ஸ், ஆன்லைன், ஆதார் திருத்தம்.
எதிர்ப்பலகை: முடி திருத்தகம்.
அங்கே முடித்துக்கொண்டு நேராக இங்கே வந்திருந்தார்.
பிடரியில் புதிதாய்ச் சிரைத்த வெளுப்பு,
காலரில் உதறாமல் விட்ட நரை.

விடுதலைக் காகிதத்தில் துளசிலிங்கம்.
உள்ளே முகாம் போட்டு எடுத்த ஆதாரிலும் அதுவே.
மக்கிப்போன ரேஷன் கார்டில் துளசிங்கம்.
"எது சரிங்க?"
"சிங்கம்தாம்மா. சோளிங்கர் வேண்டுதல்.
ஸ்டேஷன்ல எழுதனவரு ஒரு லி சேத்துட்டாரு.
கோர்ட்ல சொன்னேன், குறிச்சிக்கினாங்க."

மலைமேல் உட்கார்ந்திருக்கும் நரசிம்மரை
ஒரே எழுத்தில் சைவராக்கியிருக்கிறது குற்றப்பத்திரிகை.
சிரித்துவிட்டேன்.
அவரும் சிரித்தார், எனக்கு முன்பே நிறுத்தினார்.
பதினான்கு வருடம், காலையும் மாலையும் எண்ணிக்கையில்,
அந்த லி-க்கும் சேர்த்துக் கை தூக்கியவர்.

பெயரை அடித்தேன்.
கீபோர்டு எனக்கு முன்னால் ஓடி
துளசி சிங்கம் என்று பிளந்து வைத்தது.
ஒட்டினேன். மறுபடி பிளந்தது.
அதற்குத் தெரிந்த ஊரில் இவர் இல்லை,
தெரியாத ஆளென்றால் பிழை.

விரல் வைக்கச் சொன்னேன்.
கட்டைவிரல், சிவப்பு.
ஆள்காட்டி, சிவப்பு.
"ஷூ செக்‌ஷன்மா. பதினோரு வருஷம் தோலும் பசையும்.
தேஞ்சிருக்கும்."
ஆளைப் பிடிக்க அன்று மை தடவி வாங்கிய ரேகை
ஏதோ ஓர் அலமாரியில் பத்திரமாக இருக்கும்.
ஆளிடம் இல்லை.
ஈரத்துணியில் துடைத்து, ஊதி, அழுத்தி
ஏழாவது முறை
மோதிர விரலுக்குப் பச்சை எரிந்தது.

மேசைக்கடியில் பாயில் சின்னவன் தூங்குகிறான்.
இரண்டு குட்டி ஷூ, நடுவே ஒரு கம்பி.
அவர் குனிந்து பார்த்தார்,
ரொம்ப நேரம், கம்பியை மட்டும்.

"பிறக்கும்போதே பாதம் உள்பக்கம் வளைஞ்சிருந்துதுங்க.
வாரம் ஒரு மாவுக்கட்டு.
கையால கொஞ்சமா திருப்பி, அழாம இருக்கற அளவுக்கு,
அங்கேயே நிறுத்திக் கட்டுவாங்க. ஆறு கட்டு."
"இப்ப நேராத்தானே கீது? கம்பி இன்னாத்துக்கு?"
"தூங்கறப்ப மட்டும். நாலு வயசு வரைக்கும்.
விட்டா பழைய பக்கமே போய்டுமாம்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
உட்கார்ந்து, வாரைத் தளர்த்தி,
விரலை உள்ளே விட்டார். சிவப்பு எரிந்த அதே விரல்.
"தையல் உள்ள முட்டிக்கினு கீது. குதிகால் புண்ணாவும்."
நகத்தால் மடித்து, கட்டைவிரலால் தேய்த்து
அமுக்கிவிட்டார். பிள்ளை விழிக்கவில்லை.

எட்டாம் வகுப்பில் தன்வினை, பிறவினை.
திருந்தினான், திருத்தினான்.
ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம்.
எது எதுவென்று மாற்றி எழுதி
இரண்டு மார்க் போனது எனக்கு.
டீச்சர் சுழித்த சிவப்பு வட்டம் நினைவிருக்கிறது,
சரியான விடை இன்றுவரை கொஞ்சம் யோசித்தால்தான்.

திருத்தத்திற்கான காரணம், என்று கேட்டது திரை.
கீழே நான்கு வரி.
எழுத்துப்பிழையைத் தேர்ந்தெடுத்தேன்.

ஐம்பது ரூபாயை எண்ணி வைத்தவர் போகவில்லை.
"இன்னொரு பேரும் தப்பாத்தாம்மா கீது.
கன்னியப்பன். கண்ணப்பன்னு போட்டுட்டாங்க,
கேஸ் கட்டு பூரா.
பேப்பர்லயும் அப்படியே வந்துச்சி.
அதை மாத்த முடியுமா?"
"யாருங்க அவரு?"
கையிலிருந்த விடுதலைக் காகிதத்தை
இன்னொரு மடிப்பு மடித்தார்.

புரிவதற்குள் வாய் முந்திக்கொண்டது.
தினம் நாற்பது பேரிடம் சொல்லும் வாக்கியம்:
சம்பந்தப்பட்டவர் நேரில் வரணும்.

ஃபேன் சுற்றியது.
பிள்ளை புரண்டதில் கம்பி தரையில் ஒருமுறை இடித்தது.
"சம்பந்தப்பட்டவந்தாம்மா நானும்" என்றார்.

ரசீதுக்குக் கொடுத்திருந்தேன்.
பிரிண்டரில் தாள் தீர்ந்திருந்தது.