கடன் நோட்டில் ஓர் எழுத்துப்பிழை

தொண்டாமுத்தூரில் பூச்சிமருந்துக் கடை எனக்கு.
காலிஃப்ளவர்க்காரர்கள் இலையைக் கிள்ளிக்கொண்டு வருவார்கள்.
சல்லடையான இலை,
ஓட்டைக்கு ஓட்டை பச்சைப் புழு.
"போன வருசம் ஒரு மூடிக்கே செத்துதுங்க,
இப்பப் பாட்டிலக் கவுத்தினாலும் அசைய மாட்டீங்குது.
கலப்படமுங்களா?"

கலப்படம் இல்லை.
பதினோரு வருடக் கடன் நோட்டுகளைப் புரட்டினேன்.
டேங்க்குக்குப் பத்து மில்லி, பதினைந்து, முப்பது.
பிறகு வேறு கம்பெனி, வேறு நிறம்,
மறுபடியும் பத்திலிருந்து.

விஷம் எந்தப் புழுவுக்கும் எதையும் கற்றுத்தரவில்லை.
அது கடைக்கு வரும் முன்பே
ஏதோ ஒரு முட்டைக்குள்
உடம்பின் ஏட்டைப் படியெடுக்கையில்
ஓர் எழுத்து மாறி விழுந்திருக்கிறது.
பலமுறை விழுந்திருக்கும்.
ஒன்றைப் பல்லி தின்றிருக்கும்.
ஒன்று ஐப்பசி மழையில் இலையோடு
நொய்யலில் போயிருக்கும்.
அந்தப் பிழைக்கு அன்று சந்தையில் விலை இல்லை.

ஒரு தை மாதக் காலையில் ஸ்பிரேயர் உறுமியது.
பாத்தி பாத்தியாகச் சுருண்டு விழுந்தன.
ஒன்று மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி மென்றது.
வீரமெல்லாம் இல்லை.
விஷம் உட்கார வேண்டிய நாற்காலி
அதன் உடம்பில் கொஞ்சம் கோணல்,
அவ்வளவுதான்.

காடு காலி. முழு இலையும் அதற்கு.
அதன் பிள்ளைகளுக்கு,
அடுத்த பதினைந்தாம் நாள் பேரன்களுக்கு.
பங்குனிக் காற்றில் ஆலாந்துறை, நரசீபுரம்.
ரசீது போட்டு நானும் விதைத்திருக்கிறேன் அதை.

துளசிமணி தோட்டத்தில் மட்டும் மருந்து விழவில்லை.
கொள்கை ஒன்றும் கிடையாது.
பாக்கி நாலாயிரத்து இருநூறு,
நான்தான் தரமாட்டேன் என்றேன்.
பாதிப் பூ ஓட்டை; மாட்டுக்குப் போட்டாள்.
ஆனால் அங்கே பழைய புழு பிழைத்துக் கிடந்தது.
கோணல் நாற்காலிக்காரனுக்கு முட்டை குறைவு, வளர்ச்சி மந்தம்;
விஷமில்லாத வெயிலில்
அதே எழுத்து ஒரு சுமை.

மூன்றாம் போகம் கைக்காசோடு வந்தாள்.
பத்து மில்லிதான் கொடுத்தேன்.
நாலாம் நாள் வந்து சொன்னாள்,
"பாதிக்கு மேல உளுந்திருச்சுங்க. புது மருந்துங்களா?"
அதே மருந்து, என்றேன்.

இந்தச் சித்திரையில் பழைய நோட்டைப்
புதியதில் படியெடுத்தேன்.
துளசிமணி பேருக்கு நேரே
4200 என்பது 2400 ஆகியிருக்கிறது.
இரவு கூட்டிப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது.
பேனாவை எடுத்தேன்.
மூடிவைத்தேன்.

அடுத்த நோட்டுக்கும் அது போகும்.