பத்து கிராம்

நான் வேலை பார்க்கும் கூடத்தில்
ஒரு தலை மல்லாந்து கிடக்கிறது.
பாதித் தலை. நார்க்கண்ணாடி ஓடு.
உள்ளே சர்க்கரையும் உப்பும் கரைத்த தண்ணீர்:
மூளைக்கு அதுதான் பதிலி.
செவ்வாய்க்கிழமைகளில் வெய்யோ புதிதாகக் கலக்குகிறான்,
கஞ்சி அடிப்பிடிக்குமோ என்று பயப்படுகிறவனைப் போல.

ஓட்டின் காதோரம் கைபேசியைப் பொருத்துவோம்.
முழு வலுவில் ஓர் அழைப்பு,
யாரும் யாரோடும் பேசாத அழைப்பு.
இயந்திரக் கை ஊசியை இறக்கி,
எந்தப் பத்து கிராம்
மிக அதிகம் வாங்கிக்கொண்டது என்று துழாவும்.
கிலோவுக்கு இரண்டு வாட். அதுதான் கோடு.
அநேகமாக எல்லாமே கோட்டுக்குக் கீழே.
கையெழுத்திடுகிறேன்: துய்ரே ரந்தாலா, ஔலு.

அந்தத் தலை
ஆஜானுபாகுவான ஓர் ஆளுடையது.
என் ஐலியின் தலை
கம்பளிக் குல்லாயோடு அதற்குள் நுழைந்துவிடும்.
இதைக் கையெழுத்துக்குப் பக்கத்தில் எழுத
இடம் கிடையாது.

விருந்துகளில் கேட்கிறார்கள்: ஆபத்தா?
தீங்கென்று நிரூபணமில்லை என்பேன்.
அதோடு நிறுத்த வாய் விடாது.
தலையணைக்கடியில் வேண்டாம்.
லிஃப்டில் வேண்டாம்.
சிக்னல் ஒற்றைக் கோடாய் இளைத்தால்
அது தொண்டை கிழியக் கத்தும்
எங்கோ நிற்கும் கோபுரத்துக்குக் கேட்கவேண்டுமே.
நாலு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள், போதும்.
தூரம்தான் மருந்து என்று
காபியை ஆற்றியபடி சொல்வேன்.

யோர்மா மரலாரி ஓட்டுகிறான்.
இனாரிக்கும் வடக்கே, ஒன்பது நாளாக.
இரவு எட்டரைக்குக் கூப்பிடுவான்,
ஒற்றைக் கோட்டிலிருந்து.
ஒலிபெருக்கியில் போட்டு
ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன்.
பனி எவ்வளவு என்பான்.
மைனஸ் இருபத்தாறு என்பான்.
ஐலி வாயில் வெண்ணெயோடு அப்பா என்பாள்.
கெட்டில் நடுவில் புகுந்து விசிலடிக்கும்.

நேற்று அவன் குரல் திடீரெனத் தணிந்தது.
"துய்ரே,
என்னை மேஜை மேலதான் வெச்சிருக்கியா?"

ஐலி தூங்கப் போயிருந்தாள்.
அடுப்பங்கரையில் குளிர்பெட்டியின் முனகல் மட்டும்.
ஆமாம் என்றேன்.
அவன் ஒன்றும் சொல்லவில்லை.
அந்தப் பக்கம் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது,
எதையோ சொல்ல வந்து வைப்பர்
கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு எண்கள் தெரியும்.
இந்த மாடலை அளந்தவளே நான்தான்.
அவன் கைபேசி அங்கே கத்திக்கொண்டிருக்கும் என்றும் தெரியும்,
காதுக்கருவி மாட்டிக்கொள் என்று
மூன்று முறை சொல்லியிருக்கிறேன்,
முன்கண்ணாடிப் பெட்டியில் சிக்கெடுக்காமல் கிடக்கிறதாம்.

எடுத்தேன்.
காதோடு வைத்தேன்.
சொல் என்றேன்.

பதினோரு நிமிடம்.
என்ன சொன்னான் என்பது
எந்தப் பத்து கிராமிலோ இருக்கிறது.
காது சுட்டது.
பேட்டரிச் சூடு, வேறொன்றுமில்லை.