பின்னால் வரும் பொருட்கள்

இறங்கும் நாளில் இரண்டு பட்டியல் கேட்பார்களாம்.
கையோடு கொண்டுவருபவை ஒன்று,
பின்னால் வந்துசேர்பவை இன்னொன்று.
அன்றைக்கு எழுதாத எதற்கும் பிறகு வரி.

முதல் பட்டியலைச் சத்துவாச்சாரி கோர்ட் எதிரே
ஜெராக்ஸ் கடை பெஞ்சில் வைத்து எழுதினேன்.
குக்கர், ஐந்து லிட்டர்.
ஸ்வெட்டர் நான்கு, விலைச்சீட்டு பிரிக்காதது.
ஹெப்சியின் தடுப்பூசி அட்டை.
என்மேல் குற்றம் ஏதுமில்லை என்று
போலீஸ் கொடுத்த சான்றிதழ்.
தனசீலனிடம் விசாரித்திருக்க மாட்டார்கள்.

எக்ஸ்ரே முடிந்தது. ரத்தம் முடிந்தது;
பதினாறு வருஷம் பிறர் ரத்தத்துக்கு லேபிள் ஒட்டியவள்
என் குழாயில் என் பெயர் சரியா என்று இரண்டு தடவை பார்த்தேன்.
ஸ்பிரிட்டில் தேய்ந்த விரல்ரேகையைச் சென்னையில்
மெஷின் மூன்று முறை மறுத்து, நாலாவதில் ஏற்றது.
மீதி ஒரு கையெழுத்து.
அது என்னுடையது இல்லை.

பதினொன்றரைக்கு வரச் சொல்லியிருந்தேன்.
பதினொன்றரைக்கே வந்துவிட்டான்,
ஏழு வருஷக் கல்யாணத்தில் ஒருநாளும் செய்யாததை.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டின் நீலம்
இன்னும் அவன் நகக்கண்ணில்.

குடையின் கீழ் கறுப்புக் கோட்டோடு நோட்டரி
வியர்த்துக்கொண்டே வாசித்தார்:
மைனர் பெண் ஹெப்சிபா, வயது எட்டு,
தாயுடன் வின்னிபெக் நகரில் நிரந்தரமாகத் தங்குவதில்
எனக்கு யாதொரு ஆட்சேபணையும் இல்லை.

"நிரந்தரமான்னா?" என்றான்.
"அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை கார்டு மாத்தணும்," என்றேன்.
"அப்புறம் எப்படி நிரந்தரம்?"
நோட்டரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அவர் ஃபீஸில் அந்தக் கேள்வி சேராது.

"அவளும் நானும் பாஸ்போர்ட்ல வேற வேற பேரு.
அதனாலதான் லெட்டர் கேக்கறாங்க," என்றேன்.
விவாகரத்துக்குப் பிறகு நான் என் அப்பா பெயருக்குத் திரும்பிவிட்டேன்.
அவளுக்கு இனிஷியலாக இருந்த ஒற்றை எழுத்தை
விரித்து முழுசாக எழுதச் சொல்லி, கடைசியில் வைத்து,
குடும்பப் பெயர் என்று அச்சடித்துவிட்டார்கள்.
அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்
மிஸ் தனசீலன் என்று கூப்பிடுவார்கள்.

அதைச் சொன்னபோது மட்டும்
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
கொஞ்சநேரம் எழுதாமல் இருந்தான்.
பிறகு தமிழில் போட்டான் கையெழுத்தை,
ன் புள்ளியைக் காகிதம் கிழிய அழுத்தி.

"பனி பெய்யுமா?"
"ஆறு மாசம்."
"வெயிலே கிடையாதா?"
"அடிக்குமாம். சுடாதாம்."
சிரித்தான். அப்போது பஸ் ஸ்டாப்பின் கம்பியை
யாரும் தொட முடியாது, அவ்வளவு காய்ச்சல்.

எந்தத் தேதி ஃப்ளைட் என்று கேட்கவில்லை.
"முன்பல்லு முளைச்சிடுச்சா அவளுக்கு?"
"ஒண்ணு. கொஞ்சம் கோணலா."
"எனக்கும் அப்படித்தான் முளைச்சுது,"
என்று உதட்டைத் தூக்கிக் காட்டினான்,
மாட்டு வைத்தியரிடம் போல, கோர்ட் வாசலில்.
பையிலிருந்து ஆற்காட்டு மக்கன்பேடா டப்பாவை எடுத்துப்
பத்திரத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனான்.

காட்பாடி பஸ்ஸில் பாலாற்றுப் பாலம் தாண்டும்போது பார்த்தேன்:
டப்பா கசிந்து, 'ஆட்சேபணை' என்ற சொல்லின் மேல்
பாகு வட்டமாகப் பரவியிருந்தது.
நல்லவேளை, அது நகல்.
விருதம்பட்டில் இறங்கி இன்னொரு நகல் எடுத்தேன்.
இரண்டு ரூபாய்.

ராத்திரி ஹெப்சி எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டு.
"அப்பா வந்தாரா?"
"வந்தார்."
"எவ்ளோ லேட்டு?"
"லேட் இல்ல."
நம்பாமல் ஒரு பேடாவைக் கடித்தாள்,
இருக்கிற ஒரு பல்லால்.

பின்னால் வரும் பொருட்களில் இதுவரை ஒரே வரி:
தையல் மிஷின், ஒன்று, பழையது.
மதிப்பை அந்த ஊர்ப் பணத்தில் போட வேண்டும்.
நாற்பது என்று எழுதி, அடித்து, முப்பது என்று எழுதினேன்.
அதற்குக் கீழே
கோடு போட்ட வரிகள் இன்னும் பத்தொன்பது.